வள்ளம் பின்னால் போகும்: உந்தக் காப்பை முதல்முறை படிக்கிறவர்களுக்கு

சின்ன வள்ளத்திலிருந்து இறங்கிப் பழகாதவர்களைக் குருநகர்க் கரையில் பார்த்தவுடனேயே தெரிந்துவிடும். ஒரு கால் வள்ளத்தின் விளிம்பில், கண் கரைக் கல்லில். தரையில் பாய்கிற அதே நம்பிக்கையோடு ஒரு உதை உதைப்பார்கள், வள்ளம் பின்னால் நழுவும், எட்டும் என்று நினைத்த கல் எட்டாது, ஆள் இடுப்பளவு தண்ணீரில் நிற்பார். எனக்குப் பத்து வயதிருக்கும்போது மாமா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "கயித்தை இழுத்துப் பிடிக்காமல் இறங்காதை." ஏன் என்று அவர் சொல்லவில்லை. உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படித்தபோதுதான் அந்த ஏனுக்கு விடை கிடைத்தது, அதன் பெயர் உந்தக் காப்பு.

இந்தப் பாடத்தில் பிள்ளைகள் இடறுவது சமன்பாட்டில் இல்லை. சமன்பாடு ஒரு வரிதான், எல்லோருக்கும் பாடம். எந்தப் பொருட்களைச் சேர்த்து எண்ணுகிறோம், எந்தப் பக்கத்தை நேர் என்கிறோம் என்ற இரண்டையும் தீர்மானிக்காமல் இலக்கங்களைப் போடத் தொடங்குவதில்தான் இடறுகிறார்கள். அதனால் அந்த வரிசையிலேயே போகிறேன். ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வாசித்தால் மட்டும் போதாது, கீற வேண்டும்.

அதற்கு முன் சொற்களைப் பற்றி ஒன்று. தமிழ்நாட்டு வீடியோக்களையும் பார்த்துப் படிக்கிறீர்கள் என்றால் இது முக்கியம். நாங்கள் திணிவு என்பதை அங்கே நிறை என்பார்கள், ஆனால் எங்கள் புத்தகத்தில் நிறை என்பது புவி ஒரு பொருளை இழுக்கும் விசை. அதேபோல நாங்கள் வேகம் என்பது அங்கே திசைவேகம். இந்தக் குழப்பத்தால் மட்டும் புள்ளி இழந்த கெட்டிக்காரப் பிள்ளைகளை எனக்குத் தெரியும். இந்தக் கட்டுரையில் இலங்கைப் பாடத்திட்டத்தின் சொற்களையே பாவிக்கிறேன்: திணிவை வேகத்தால் பெருக்கினால் உந்தம். வேகம் என்றால் அதில் திசையும் சேர்த்தி, திசை இல்லாவிட்டால் அது வெறும் கதி.

இரண்டுக்கும் நடுவில் நடப்பது ஒன்றுதான்

நீங்கள் வள்ளத்தைக் காலால் உதைக்கிறீர்கள். வள்ளம் உங்களை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. இரண்டு விசைகளும் சமம், திசை மட்டும் எதிர், இது நியூட்டனின் மூன்றாம் விதி. இதில் பலர் கவனிக்காமல் விடுவது நேரத்தை. உங்கள் கால் வள்ளத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிற நேரமும் வள்ளம் உங்கள் காலைத் தொட்டுக்கொண்டிருக்கிற நேரமும் ஒன்றேதான், வேறாக இருக்கவே முடியாது. விசையும் சமம், நேரமும் சமம் என்றால் விசையையும் நேரத்தையும் பெருக்கி வருகிற கணத்தாக்கும் சமம். கணத்தாக்குத்தான் உந்தத்தை மாற்றுகிறது. ஆகவே உங்களுக்குக் கரைப் பக்கமாக எவ்வளவு உந்தம் வந்ததோ, அதே அளவு வள்ளத்துக்குக் கடல் பக்கமாக வந்தே ஆகும். இரண்டையும் கூட்டினால், உதைக்க முன்பு இருந்த மொத்தம் அப்படியே இருக்கும்.

விதி முழுவதும் இவ்வளவுதான். இதில் விசை எவ்வளவு, உதை எவ்வளவு நேரம் நீடித்தது என்று ஒன்றுமே தெரியத் தேவையில்லை என்பதைப் பாருங்கள். மோதல் கணக்குகளில் இந்த விதி இவ்வளவு உதவுவதற்குக் காரணம் அதுதான்: நடுவில் நடந்த குழப்பத்தைத் தாண்டி, முன்னுக்கும் பின்னுக்கும் நேரே கணக்குப் போடலாம்.

இலக்கம் போட்டுப் பார்ப்போம். ஆள் 60 கிலோகிராம், வள்ளம் 120 கிலோகிராம், இரண்டும் அசையாமல் நிற்கின்றன, கயிறு கட்டவில்லை. தரையில் நின்று பாய்ந்தால் ஆள் செக்கனுக்கு 2 மீற்றர் வேகத்தில் முன்னே போவார், 0.4 செக்கன் காற்றில் இருப்பார் என்று வைத்துக்கொள்வோம். 0.8 மீற்றர் தாண்டுவார். வள்ளத்திலும் அதே மாதிரி உதைக்கிறார். ஆனால் அந்த 2 மீற்றர் இப்போது வள்ளத்துக்கும் அவருக்கும் இடையில் உள்ள வேகம், கரைக்கும் அவருக்கும் இடையில் உள்ளது அல்ல. மொத்த உந்தம் பூச்சியமாக இருக்க வேண்டும், வள்ளத்தின் திணிவு இரண்டு மடங்கு, ஆகவே அதன் வேகம் ஆளின் வேகத்தில் பாதி. இரண்டையும் கூட்ட 2 வர வேண்டும். ஆளுக்கு 1.33, வள்ளத்துக்கு 0.67. அதே 0.4 செக்கனில் ஆள் கடப்பது 0.53 மீற்றர்தான். 27 சென்ரிமீற்றர் குறைந்துவிட்டது, ஒரு பாதத்தின் நீளம். தண்ணீரில் விழுவதற்கு அது தாராளமாகப் போதும்.

முதல் வேலை: சுற்றி ஒரு கோடு கீறுங்கள்

கொப்பியில் ஆளையும் வள்ளத்தையும் கீறி, இரண்டையும் உள்ளடக்கி ஒரு வட்டம் போடுங்கள். வட்டத்துக்குள் இருப்பது உங்கள் தொகுதி. இனி ஒரே ஒரு கேள்வி: வெளியிலிருந்து யாராவது உள்ளே கை வைக்கிறார்களா? கை வைக்காவிட்டால் மொத்த உந்தம் மாறாது. வைத்தால் மாறும், எவ்வளவு கணத்தாக்குக் கொடுத்தார்களோ அவ்வளவு.

இப்போது மாமாவின் கயிற்றை நினைத்துப் பாருங்கள். கயிறு கரையில் உள்ள கட்டையில் கட்டியிருக்கிறது, கட்டை வட்டத்துக்கு வெளியே. நீங்கள் உதைக்கும்போது கயிறு வள்ளத்தை இழுத்துப் பிடிக்கிறது, அதாவது வெளிவிசை வந்துவிட்டது, ஆள் வள்ளம் இரண்டின் மொத்த உந்தமும் இனிப் பூச்சியம் அல்ல. விதி பொய்த்துப் போகவில்லை, நீங்கள் கீறிய வட்டம் போதவில்லை. வட்டத்தைப் பெரிதாக்கிக் கரையையும் அதோடு முழுப் புவியையும் உள்ளே எடுத்தால் மொத்தம் மறுபடி சரியாக வரும், ஆனால் புவி அசைவது கண்ணுக்குத் தெரியாது. குறிகட்டுவானில் நயினாதீவுப் படகுக்கு ஏறி இறங்கும்போது படகை இழுத்துக் கட்டுவதும் இதற்குத்தான், அந்தப் படகின் திணிவு பெரிது என்பதால் ஒரு ஆளின் உதைக்கு அது அவ்வளவாக அசையாது என்றாலும் கட்டாமல் விடமாட்டார்கள்.

புவி எவ்வளவு அசையும் என்று கேட்கிற பிள்ளை நல்ல பிள்ளை, அந்தக் கேள்வியைத் தட்டிவிடக் கூடாது. 20 மீற்றர் உயரப் பனையிலிருந்து ஒன்றரைக் கிலோகிராம் பனம்பழம் விழுகிறது. புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 என்று எடுத்தால் நிலத்தைத் தொடும்போது வேகம் செக்கனுக்கு 20 மீற்றர், உந்தம் 30. பழத்தை மட்டும் வட்டத்துக்குள் வைத்தால் எங்கிருந்தோ உந்தம் முளைத்தது போல இருக்கும். புவியையும் உள்ளே எடுங்கள். பழம் கீழே வருகிற நேரத்தில் புவி மேலே பழத்தை நோக்கி வருகிறது, அதன் உந்தமும் 30. புவியின் திணிவு ஏறத்தாழ 6 இன் பின் 24 பூச்சியங்கள் போட்ட அளவு கிலோகிராம், 30ஐ அதால் வகுத்துப் பாருங்கள், எந்தக் கருவியாலும் அளக்க முடியாத வேகம் வரும். ஆனால் பூச்சியம் வராது.

உராய்வு இருக்கிறதே, மோதல் கணக்கில் அதை எப்படி விடலாம் என்பது அடுத்த சந்தேகம். மோதல் நீடிக்கிற நேரம் மிகக் குறைவு என்பதால் விடலாம். கரம் பலகையில் ஸ்ரைக்கர் காயை இடிப்பது ஆயிரத்தில் ஒரு செக்கன் என்று வைத்தால், அந்த நேரத்துக்குள் காய்க்குக் கிடைக்கிற விசை நியூட்டன் கணக்கில் பத்துப் பதினைந்து வரும், பவுடர் போட்ட பலகையின் உராய்வோ அதில் சில நூறில் ஒரு பங்குகூட வராது. அதனால்தான் கணக்கில் மோதலுக்குச் சற்று முன், சற்றுப் பின் என்று சொல்கிறார்கள். அந்தச் சற்று என்ற சொல்லை விட்டுவிட்டு, காய் ஓடி ஓடி நின்ற பிறகு எடுத்த வேகத்தைப் போட்டால் விடை வராது.

இரண்டாவது: எந்தப் பக்கம் நேர்?

வட்டம் கீறியவுடன் மேலே ஒரு அம்புக்குறி போடுங்கள். அந்தப் பக்கம் போவது எல்லாம் நேர், எதிரே வருவது எல்லாம் மறை. எந்தப் பக்கம் என்பது உங்கள் விருப்பம், ஆனால் கணக்கு முடியும் வரை மாற்றக் கூடாது. இது சின்ன விசயம் மாதிரித் தெரியும். மிகப் பெரிய மூளைகளே இதில் தவறியிருக்கின்றன. பிரெஞ்சு மெய்யியலாளர் டேக்கார்ட் 1644இல் வெளியிட்ட நூலில், உலகில் உள்ள இயக்கத்தின் மொத்த அளவு மாறாது என்ற அருமையான எண்ணத்தை எழுதினார், ஆனால் பருமனைக் கதியால் பெருக்கினார், திசையை அதில் சேர்க்கவில்லை. அதனால் மோதல்களுக்கு அவர் கொடுத்த ஏழு விதிகளில் பெரும்பாலானவை பிழையாகிவிட்டன. லண்டன் றோயல் சங்கம் 1668இல் இந்தப் பிரச்சினையை அறிஞர்களிடம் கேட்டபோது வாலிஸ், ரென், ஹைகன்ஸ் மூவரும் திசைக்குக் குறி கொடுத்துத்தான் சரியான விடைக்கு வந்தார்கள். ஆகவே குறி போடுவதை அலட்சியமாக எண்ண வேண்டாம்.

யாழ்ப்பாணத்துப் பாடசாலைக் கிரிக்கெட் போட்டியான வடக்கின் பெருஞ்சமர் பார்த்திருப்பீர்கள். கிரிக்கெட் பந்து 160 கிராம், செக்கனுக்கு 30 மீற்றர் வேகத்தில் வருகிறது, மட்டை அதை நேரே பந்து வீசியவர் பக்கம் 20 மீற்றர் வேகத்தில் திருப்பி அனுப்புகிறது. உந்த மாற்றம் என்ன? 30இலிருந்து 20 போனால் 10, அதை 0.16ஆல் பெருக்கி 1.6 என்று எழுதுகிறவர்கள் வகுப்பில் பாதிப் பேர். மட்டையிலிருந்து வெளியே போகிற பக்கம் நேர் என்று எடுங்கள். முதலில் மறை 30, பிறகு நேர் 20, வித்தியாசம் 50. உந்த மாற்றம் 8. துடுப்பாட்டக்காரரின் மணிக்கட்டுக்குத் தெரியும் எது சரியான விடை என்று.

மூன்றாவது: முன் படம், பின் படம்

இரண்டு படம் கீறுங்கள், ஒன்று மோதலுக்கு முன், மற்றது பின். ஒவ்வொரு பொருளின் மேலும் அதன் வேகத்தைக் குறியோடு எழுதுங்கள், தெரியாததற்கு ஒரு எழுத்து வையுங்கள். முன் படத்தின் உந்தங்களைக் கூட்டி, பின் படத்தின் கூட்டுத்தொகைக்குச் சமப்படுத்துங்கள். தெரியாதது எந்தப் பக்கம் போகும் என்று தெரியாவிட்டால் நேர் என்றே வைத்துச் செய்யுங்கள். விடையில் மறை வந்தால் எதிர்ப்பக்கம் போகிறது என்று அர்த்தம், அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்கத் தேவையில்லை.

கரத்தில் செய்து பார்ப்போம், வீட்டில் கிடைக்கிற பொருட்களில் இதை விடத் தெளிவானது எனக்குத் தெரியவில்லை. போட்டி விதிப்படி ஸ்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, காய் 5 கிராமுக்குச் சற்றே கூட. வசதிக்கு 15, 5 என்று எடுப்போம். ஸ்ரைக்கர் செக்கனுக்கு 2 மீற்றரில் போய், நிற்கிற காயை நேரே இடிக்கிறது. முன் படத்தில் மொத்தம் 15 தர 2, அதாவது 30. பின் படத்திலும் 30 வர வேண்டும். ஆனால் இரண்டு வேகமும் தெரியாது, சமன்பாடு ஒன்று. ஸ்ரைக்கர் 2இலேயே போய்க் காய் அசையாமல் நின்றாலும் 30 வரும், அப்படி நடக்க முடியாது என்பது வேறு கதை. உந்தக் காப்பு மட்டும் விடை தராது, இன்னொரு தகவல் வேண்டும்.

அந்த இன்னொரு தகவல் மீளமைவுக் குணகம். இரண்டு பொருளும் எந்த வேகத்தில் நெருங்கினவோ, அதில் எத்தனை பங்கு வேகத்தில் விலகுகின்றன என்பதுதான் அது. முழுவதும் மீள்தன்மை என்றால் 1, ஒட்டிக்கொண்டால் 0. குணகம் 1 என்று எடுத்தால் விலகும் வேகம் 2. கணக்குச் செய்து பாருங்கள்: ஸ்ரைக்கர் 1, காய் 3. 15உம் 15உம் 30. இடித்த ஸ்ரைக்கரை விடக் காய் வேகமாக ஓடுகிறது! ஸ்ரைக்கர் இன்னும் முன்னாலேயே போய்க்கொண்டிருக்கிறது, அதுதான் சில நேரம் காயின் பின்னாலேயே குழிக்குள் போய் உங்களுக்குத் தண்டம் தருகிறது. உண்மையில் குணகம் 1 வராது. 0.8 என்று வைத்தால் ஸ்ரைக்கர் 1.1, காய் 2.7, மொத்தம் மறுபடி 16.5உம் 13.5உம் சேர்ந்து 30. உந்தம் ஒரு சதமும் குறையவில்லை. இயக்கசக்திதான் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கீழே குறைந்திருக்கிறது, கொஞ்சம் நீங்கள் கேட்ட டக் என்ற சத்தமாக, மிச்சம் வெப்பமாக. உந்தக் காப்பும் சக்திக் காப்பும் வேறு வேறு என்பதை இந்த இரண்டு வரிக் கணக்கில் கையால் செய்து பார்த்தவர் பிறகு குழம்பமாட்டார்.

காய் சாய்வாக அடிபட்டால் உந்தத்தை இரண்டு செங்குத்துத் திசைகளில் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காக்க வேண்டும், முறை இதேதான்.

போளையும் ஹைகன்ஸின் வள்ளமும்

சம திணிவுள்ள இரண்டு போளைகளில் ஒன்று நிற்க, மற்றது வந்து நேரே இடித்தால் வந்தது நிற்கும், நின்றது அதே வேகத்தில் ஓடும். ஏன்? சமன்பாட்டில் காட்டலாம், ஆனால் ஹைகன்ஸ் காட்டிய விதம் எனக்கு அதை விடப் பிடிக்கும், அவருடைய கதையிலும் வள்ளம்தான் வருகிறது.

ஒல்லாந்துக் கால்வாயில் போகிற வள்ளத்துக்குப் பதில் நம் கடலில் போகிறதை நினையுங்கள். வள்ளத்துக்குள் இருக்கிறவர் இரண்டு சமமான போளைகளைச் செக்கனுக்கு 1 மீற்றர் வேகத்தில் எதிரெதிரே மோதவிடுகிறார். இரண்டும் ஒரே மாதிரி, ஒன்றுக்கு மற்றதை விட எந்த மேலதிக உரிமையும் இல்லை, ஆகவே இரண்டும் வந்த வேகத்திலேயே திரும்பும். இதை யாரும் மறுக்கமாட்டார்கள். இப்போது வள்ளமே செக்கனுக்கு 1 மீற்றரில் போய்க்கொண்டிருக்கிறது, நீங்கள் கரையில் நிற்கிறீர்கள். வள்ளம் போகும் பக்கம் ஓடுகிற போளை உங்களுக்கு 2 மீற்றர் வேகத்தில் தெரியும், எதிர்ப்பக்கம் ஓடுகிறது அசையாமல் நிற்பது போலத் தெரியும். மோதிய பிறகு? முதலாவது நிற்கிறது, இரண்டாவது 2இல் ஓடுகிறது. வள்ளத்தில் இருப்பவர் பார்த்ததும் நீங்கள் பார்த்ததும் ஒரே மோதல். சமன்பாடு இல்லாமல் விடை வந்துவிட்டது.

செய்து பாருங்கள். மேசையில் இரண்டு அடிமட்டங்களை இணையாக வைத்து, நடுவில் போளை ஓடுமளவு இடைவெளி விடுங்கள். ஒன்றை நிறுத்தி, மற்றதைச் சுண்டுங்கள். வந்த போளை ஒரு கணம் நின்றுவிட்டு, பிறகு மெதுவாக முன்னே ஊர்வதைக் காண்பீர்கள். பரிசோதனை பிழைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அது உருண்டு வந்தது, மோதல் அதன் முன்னோட்டத்தைப் பறித்தது, சுழற்சியைப் பறிக்கவில்லை. சுழன்றுகொண்டே நிற்கிற போளையை மேசையின் உராய்வு முன்னே தள்ளுகிறது, மேசை உங்கள் வட்டத்துக்கு வெளியே இருப்பது. வழுக்காமல் உருளும் நிலைக்கு வரும்போது அதற்கு முதல் இருந்த வேகத்தில் ஏழில் இரண்டு பங்கு கிடைக்கும். கரம் காய் உருளாமல் சறுக்குவதால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை.

போளை கண்ணாடி என்பதும் நமக்கு நல்லது. நியூட்டன் ஊசல்களில் உருண்டைகளைத் தொங்கவிட்டு, காற்றின் தடையைக்கூடக் கழித்து, இதையெல்லாம் அளந்து 1687இல் வெளியிட்டார். கண்ணாடி உருண்டைகளுக்கு நெருங்கும் வேகத்துக்கு விலகும் வேகம் என்று அவர் கண்ட விகிதம் 16க்கு 15, இறுக்கிச் சுற்றிய கம்பளி உருண்டைகளுக்கு 9க்கு 5. கண்ணாடி ஒன்றுக்கு மிக அருகில்.

ஒட்டிக்கொண்டால்

சைக்கிளில் போகிற நண்பனின் கரியரில் ஏறுவது நல்ல உதாரணம், ஏறியபின் இருவரும் ஒரே வேகம். சைக்கிளும் ஓட்டுபவரும் சேர்த்து 80 கிலோகிராம், வேகம் 3, அந்த நேரம் மிதிக்கவில்லை. ஏறுபவர் 40 கிலோகிராம். அவர் நின்ற இடத்திலேயே பாய்ந்து குந்தினால் 240ஐ 120 ஆல் வகுக்க, வேகம் 2. இயக்கசக்தி 360 யூலிலிருந்து 240க்கு விழுகிறது, அந்த 120 யூல் கரியர் குலுங்குவதிலும் சட்டையைப் பிடித்து இழுப்பதிலும் போய்விடும், ஓட்டுபவர் கட்டாயம் ஏதாவது சொல்வார். கூடவே 4.5 வேகத்தில் ஓடிவந்து ஏறினால் 240உம் 180உம் 420, வகுத்தால் 3.5. மொத்தம் 765 யூலில் இழப்பது 30 மட்டும். ஓடிவந்து ஏற வேண்டும் என்று எங்களுக்கு யாரும் பௌதிகவியல் சொல்லித் தரவில்லை, ஆனால் எல்லோரும் அப்படித்தான் ஏறினோம்.

விடை வந்ததும் இரண்டு விசயம் பாருங்கள். முதலாவது, வெளியிலிருந்தோ உள்ளே வெடித்தோ சக்தி வராத மோதலில் பின் படத்தின் இயக்கசக்தி முன் படத்தை விடக் கூடியிருக்கக் கூடாது, கூடினால் எங்கோ குறி பிழை. வள்ளத்திலிருந்து பாய்வதில் கூடும், அது உங்கள் காலின் தசை கொடுத்தது, அதனால் அங்கே பிழை இல்லை. இரண்டாவது, பின்னால் இருக்கிற பொருள் முன்னால் இருப்பதை ஊடுருவிப் போகவில்லையா என்று பாருங்கள், ஸ்ரைக்கருக்குக் காயை விடக் கூடிய வேகம் வந்திருந்தால் திரும்பச் செய்யுங்கள்.

கடைசியாக ஒரு கணக்கு, இதை நீங்களே செய்யுங்கள். அதே 120 கிலோகிராம் வள்ளம், கயிறு அவிழ்த்து அமைதியான தண்ணீரில் நிற்கிறது. அதே 60 கிலோகிராம் ஆள் அணியத்திலிருந்து பின்பக்கம் 3 மீற்றர் நடந்துபோய் நிற்கிறார். தண்ணீரின் தடையை விட்டுவிடுங்கள். கரையில் நிற்கிற ஒருவருக்கு அவர் எத்தனை மீற்றர் நகர்ந்தது போலத் தெரியும்? 3 என்று எழுதினால் வட்டத்தை இன்னொரு தடவை கீறுங்கள். 2 என்று வந்தால், மிச்ச 1 மீற்றர் எங்கே என்று வள்ளத்தைப் பாருங்கள்.